இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாரிஷ் ஒன்றை மண்ணிலிருந்து ஏடுவரை வாசிப்பது எப்படி: லாக்ஸ்டனை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிஷ் என்றதும் நம்மவர்களுக்குத் தேவாலயம்தான் நினைவுக்கு வரும். கத்தோலிக்கர்கள் பங்கு என்பார்கள். நெல்லைச் சீமையில் சேகரம் என்பார்கள். இங்கிலாந்தின் சிவில் பாரிஷ் அதிலிருந்து கிளைத்தது என்றாலும் அதுவேயல்ல. ஒரே ஊரின்மேல் அங்கே மூன்று எல்லைகள் படிந்து கிடக்கின்றன. தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) கட்டவும் பிணம் புதைக்கவும் திருச்சபைப் பாரிஷ். நிலத்தை வைத்திருக்கவும் வயல் வழக்குத் தீர்க்கவும் மேனர், அதாவது பண்ணைப் பிரபுவின் ஆட்சிப்பகுதி. ஏழைகளைப் பராமரிக்க வரி தண்டச் சிவில் பாரிஷ். இந்த மூன்றையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதில்தான் பாரிஷ் வரலாறு எழுதுவோரின் பாதித் தவறுகள் பிறக்கின்றன.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்கொண்ட ஊர் நாட்டிங்ஹாம்ஷயரில் நியூவார்க், ஒல்லர்ட்டன், டக்ஸ்ஃபர்ட் ஆகிய ஊர்களுக்கு நடுவில் இருக்கும் லாக்ஸ்டன். நிர்வாகப் பெயர் ‘லாக்ஸ்டன் அண்ட் மூர்ஹவுஸ்’. மூர்ஹவுஸ் பக்கத்துச் சிற்றூர். வேலியில்லாத பெருவயலுக்குள் பலரின் கீற்றுகள், அதாவது நீண்டு குறுகிய நிலத் துண்டுகள், கலந்து கிடப்பது திறந்த வயல் முறை. இங்கிலாந்து முழுக்க வேலியடைக்கப்பட்டு மறைந்துபோன அந்த முறை, அதற்கான நீதிமன்றத்தோடு சேர்ந்து, இன்னும் நடப்பது இங்கேதான். மற்ற ஊர்களில் ஏட்டில் தேடவேண்டியதை இங்கே காலால் நடந்து பார்க்கலாம்.

முதல் படி: எந்த எல்லை, எந்த ஆண்டு

1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் ஏழைப் பராமரிப்பைப் பாரிஷின் தலையில் கட்டியது. வடக்கே பாரிஷ்கள் மிகப் பெரியவை. ஒரே பாரிஷுக்குள் பல டவுன்ஷிப்கள், அதாவது உட்பிரிவு ஊர்கள், இருந்தன. 1662ஆம் ஆண்டுச் சட்டம் அவை தனித்தனியே ஏழைவரி தண்ட வழிவிட்டது. 1866இல் ‘தனி ஏழைவரி விதிக்கப்படும் அல்லது விதிக்கக்கூடிய இடமே பாரிஷ்’ என்று சட்டம் வரையறுத்தது. சிவில் பாரிஷ் திருச்சபையிலிருந்து கழன்றது அந்த வரையறையில்தான். 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தைக் கொடுத்தது. இன்று இங்கிலாந்தில் 10,000க்கும் மேற்பட்ட சிவில் பாரிஷ்கள் உள்ளன. மிகச் சிறியவற்றில் மன்றம் இல்லை, வாக்காளர் கூட்டம் மட்டுமே.

ஆகவே எல்லையை ஆண்டோடு சேர்த்தே எழுதவேண்டும். பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் இன்றைய சிவில் பாரிஷ் எல்லை சிறு புள்ளிக் கோடாக இருக்கும். அதை ஒரு தாளில் வரைந்துகொண்டு, 19ஆம் நூற்றாண்டின் ஆறங்குல (மைலுக்கு ஆறு அங்குலம்) வரைபடத்தின்மேல் வையுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்து வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கமாக நகர்த்திப் பார்க்கலாம். இரண்டு கோடுகளும் பிரியும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பல பாரிஷ்களுக்கு நடுவே இன்னொரு பாரிஷின் தீவுத் துண்டுகள் இருந்தன. 1876, 1882 ஆண்டுகளின் சட்டங்கள் அவற்றைச் சுற்றியிருந்த பாரிஷோடு சேர்த்துவிட்டன. இதை அறியாமல் 1871, 1891 மக்கள்தொகையை ஒப்பிட்டால், யாரும் இடம் பெயராமலே ஊர் வளர்ந்ததாகவோ தேய்ந்ததாகவோ தோன்றும்.

25 அங்குல வரைபடத்தில் (அளவு 1:2500) எல்லைக் கோட்டின் ஓரமாகச் சிறு எழுத்துகள் இருக்கும். சி.எச். என்றால் உயிர்வேலியின் நடு, ஆர்.எச். என்றால் வேலியின் வேரடி, சி.எஸ். என்றால் ஓடையின் நடு. நம் ஊரில் எந்த வரப்பு யாருடையது என்று அடித்துக்கொள்ளும் அதே கேள்விக்கான பதில் இது. எல்லை வளைந்து வளைந்து ஓடினால் அது ஓடையையோ பழைய வேலியையோ பின்பற்றுகிறது. படிக்கட்டுப்போலச் செங்கோணத்தில் மடங்கி மடங்கிப் போனால், எல்லை வகுக்கப்பட்ட காலத்திலேயே அங்கே உழுத கீற்றுகள் இருந்தன என்று பொருள். நேர்கோடாக மைல்கணக்கில் ஓடினால் ரோமானியச் சாலையா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: மண்

ஏட்டைத் தொடுமுன் மண்ணைப் பாருங்கள். பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தின் வரைபடம் இணையத்தில் இலவசம். லாக்ஸ்டன் நிற்பது மெர்சியா மட்ஸ்டோன் எனப்படும் செங்களிமண் பாறைமேல். மேற்கே சில மைல் போனால் ஷெர்வுட் மணற்கல். மண் லேசானது, நீர் நிற்காது, ஆகவே காடும் கரம்புமாகக் கிடந்தது. லாக்ஸ்டனின் களிமண்ணோ கனமானது. ஈரத்தில் ஏர் இறங்காது, காய்ந்தால் கட்டியாகும். பருவம் பார்த்து எல்லோரும் ஒரே சமயத்தில் உழவேண்டிய மண். கோதுமைக்கு உகந்தது, சேர்ந்து உழைப்போருக்குச் சாதகமானது.

அடுத்து மேற்பரப்பு. சுற்றுச்சூழல் முகமையின் லைடார் தரவை, அதாவது விமானத்திலிருந்து லேசர் ஒளியால் எடுத்த உயர அளவீட்டை, இலவசமாகத் தரவிறக்கலாம். ஒரு மீட்டர் துல்லியம் போதும். கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் நிழற்படமாக மாற்றும்போது ஒளியின் திசை வழக்கமாக வடமேற்கு, 315 பாகை, என்று இருக்கும். அப்படியே விட்டுவிட்டால் அதே திசையில் ஓடும் மேடுபள்ளங்கள் நிழல் விழாமல் மறைந்துபோகும். 45 பாகையிலும் ஒருமுறை எடுத்து இரண்டையும் ஒப்பிடவேண்டும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

நீங்கள் தேடுவது மேடும் சாலும் மாறிமாறி வரும் இடைக்கால உழவுத் தடம். அது நேராக இராது. எஸ் எழுத்தைத் திருப்பிப் போட்டதுபோல் மெல்ல வளையும். எட்டு எருதுகள் பூட்டிய நீண்ட ஏரைக் கீற்றின் முனையில் திருப்ப, முன்கூட்டியே பக்கவாட்டில் ஒதுங்கவேண்டியிருந்ததால் வந்த வளைவு இது. நேராகவும் குறுகலாகவும் இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் குதிரை உழவு அல்லது நீராவி உழவு. களத்தில் பார்ப்பதென்றால் குளிர்காலத்து மாலைச் சாய்வெயில், அல்லது மெல்லிய பனி தூவிய காலை. புல்தரையில் மட்டும்தான் தங்கியிருக்கும். நவீன டிராக்டர் ஓடிய வயலில் தேடிப் பயனில்லை.

மூன்றாம் படி: பெயர்கள்

ஊர்ப்பெயருக்கு இங்கிலாந்து இடப்பெயர்க் கழகத்தின் மாவட்டத் தொகுதிகளைப் பாருங்கள், சொந்தமாக ஊகிக்காதீர்கள். லாக்ஸ்டனின் ஈற்றில் உள்ள ‘டன்’ பழைய ஆங்கிலத்தில் பண்ணை அல்லது ஊர். முன்பகுதி ஓர் ஆளின் பெயர். பழைய வடிவம் கிடைக்காமல் இன்றைய எழுத்தை வைத்துப் பிரித்தால் நம்மூர்த் தலபுராணக் கதைபோல்தான் முடியும்.

வயற்பெயர்கள் இன்னும் பயனுள்ளவை. ‘கார்’ என்றால் சதுப்புப் புதர், ‘இங்’ என்றால் புல்வெளி, ‘வாங்’ என்றால் வயல். மூன்றும் ஸ்காண்டிநேவியச் சொற்கள். டேனியர் குடியேறிய கிழக்குப் பகுதிகளில் மிகுதி. ‘லீஸ்’ உழுதுவிட்டுப் புல்லுக்கு விட்ட இடம். லாக்ஸ்டனின் மில் ஃபீல்டு காற்றாலையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நான்காம் படி: 1086

நார்மன் அரசர் வில்லியம் 1086இல் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏடு லாக்ஸ்டனைப் பற்றிச் சில வரிகளே சொல்கிறது. நார்மன் படையெடுப்புக்கு முன் டோக்கி என்பவர் வைத்திருந்த நிலம் ஜெஃப்ரி அல்செலினிடம் போயிற்று. அவருடைய ஆளான வால்ட்டரிடம் ஓர் ஏர். 22 வில்லன்கள், 7 போர்டர்களிடம் 5 ஏர்கள். 5 ஆண் அடிமைகள், 1 பெண் அடிமை. 40 ஏக்கர் புல்வெளி. ஒரு லீக் (பழைய நீள அளவு) நீளமும் அரை லீக் அகலமும் கொண்ட காடு. மதிப்பு முன்பு 9 பவுண்டு, இப்போது 6.

இந்த வில்லன், படக் கதாபாத்திரம் அல்ல. பிரபுவின் நிலத்தில் கட்டுண்ட குடியானவன். போர்டர் அவனுக்குக் கீழே, சிறுநிலம் மட்டும் உள்ளவன். இவர்கள் குடும்பத் தலைவர்கள், மொத்த மக்கள் அல்ல. 29 குடும்பங்களை ஏறத்தாழ ஐந்தால் பெருக்கினால் 145 பேர், அடிமைகள் தனி. அதையும் தோராயம் என்றே எழுதுங்கள். ஏட்டில் தேவாலயம் சொல்லப்படவில்லை என்பதால் தேவாலயம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அது வரி ஏடு, ஊரைச் சுற்றிவந்து எழுதிய வர்ணனை அல்ல.

ஊரின் வடபுறத்தில் நார்மன் கோட்டையின் மண்மேடும் சுற்று அரணும் கல் கட்டடம் ஏதுமின்றி நிற்கின்றன. பிற்பாடு இந்த மேனரை ஆண்ட எவரிங்ஹாம் குடும்பத்தாரின் சிலைக் கல்லறைகள் தூய மிக்கேல் தேவாலயத்துக்குள் இருக்கின்றன.

ஐந்தாம் படி: 1635இன் வரைபடம்

லாக்ஸ்டனின் பொக்கிஷம் இதுதான். மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் 1635இல் வரைந்த இது, இன்று ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. ஒவ்வொரு கீற்றும், அதை வைத்திருந்தவர் யார் என்பதும் அதில் உண்டு. ஏர் உழுவோரும் வேட்டையாடுவோருமாகச் சிறு ஓவியங்களும் உண்டு. வரைந்தது அப்போதைய மேனர் உரிமையாளர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காக. லண்டன் வணிகரான அவர் அதே ஆண்டில்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கீழைக்கடல் வாணிபத்துக்கு அரசரின் அனுமதி வாங்கினார். 1636இல் அவருடைய வணிகக் கூட்டணியின் கப்பல்கள் கோவாவுக்கும் மலபார்க் கரைக்கும் வந்தன. லாக்ஸ்டனின் கீற்றுகளை எண்ணிய கணக்கும் மிளகுக் கணக்கும் ஒரே மேசையில் கிடந்திருக்கும்.

வரைபடத்தோடு ஒரு டெரியர், அதாவது நிலப் பட்டியல் ஏடு, உண்டு. நம் ‘அ’ பதிவேடும் புலப்பட நூலும் சேர்ந்திருப்பதுபோல. படத்தை மட்டும் பார்க்காமல் இரண்டையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். கீற்றின் எண்ணைப் படத்தில் பிடித்து, ஆளையும் பரப்பையும் ஏட்டில் பிடிக்கவேண்டும்.

பரப்பளவில் ஒரு பொறி இருக்கிறது. பழைய ஏடுகள் ஏக்கர், ரூட், பேர்ச் என்று எழுதும். 40 பேர்ச் ஒரு ரூட். 4 ரூட் ஒரு ஏக்கர். இலங்கையில் காணி உறுதி வாசித்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. தமிழ்நாட்டாருக்கு: ஒரு ரூட் 25 சென்ட், ஒரு பேர்ச் 0.625 சென்ட். 4.2.17 என்று எழுதியிருந்தால் அது 4.217 ஏக்கர் அல்ல. 4 ஏக்கர், 2 ரூட், 17 பேர்ச். கணக்கிட்டால் 4.606 ஏக்கர். விரிதாளில் ஏற்றும்போது மூன்று தனித்தனிப் பத்திகளாக ஏற்றி, அப்புறம் சூத்திரம் போடுங்கள். நீள அளவு குண்டர் சங்கிலி: 66 அடி, 100 கண்ணி. நம் பழைய புலப்படங்களும் இதே சங்கிலியால் அளந்தவைதான். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர் என்பதால்தான் சென்ட் அவ்வளவு சுலபமாக வந்து விழுகிறது.

ஆறாம் படி: வயலும் மன்றமும்

இன்று வெஸ்ட் ஃபீல்டு, சவுத் ஃபீல்டு, மில் ஃபீல்டு என்று மூன்று பெருவயல்கள். உள்ளே வேலி கிடையாது. பல விவசாயிகளின் கீற்றுகள் கலந்து கிடக்கும். ஒரு வயலில் இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை, அடுத்ததில் வசந்தகால விதைப்பு, மூன்றாவது தரிசு. ஆண்டுதோறும் சுழலும். ஒருவருக்கு மூன்று வயலிலும் கீற்று இருந்தால்தான் எந்த ஆண்டும் பட்டினி இல்லை. கீற்றுகள் சிதறிக் கிடந்ததன் நியாயம் அது. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் பங்காயின.

வயலுக்குள்ளே உழமுடியாத ஈரப் பள்ளங்களும் சரிவுகளும் புல்லாகவே விடப்படுகின்றன; பெயர் சைக்குகள். புல்லை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். நூற்றாண்டுகளாக ஏர் படாததால் பழைய புல்வெளித் தாவரங்கள் அங்கே நிலைத்தன. அவற்றுக்குச் சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் கொண்ட இடம் என்ற சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. புறம்போக்கு என்று மொழிபெயர்க்கக் கை பரபரக்கும். வேண்டாம். அரசு நிலமல்ல, மேனர் நிலத்தில் ஊராருக்குள்ள உரிமை.

இதைக் கட்டிக்காப்பது கோர்ட் லீட் என்ற மேனர் மன்றம். நவம்பர் கடைசியில் நடுவர் நாள்: விவசாயிகளிலிருந்து அமைந்த நடுவர் குழு புதிதாகக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி நடந்து, யாராவது பாதையையோ சைக்கையோ கடித்து உழுதிருக்கிறாரா என்று பார்க்கும், கீற்றின் எல்லை முளைகளைச் சரிசெய்யும். ஒரு வாரம் கழித்து டவ்கோட் இன் என்ற ஊர் மதுக்கடையில் மன்றம் கூடி அபராதம் விதிக்கும். அடுத்த ஆண்டுக்கான நடுவர்களையும் அப்போதே நியமிப்பார்கள். வரப்பைக் கடிக்கும் பழக்கம் உலகப்பொது. அபராதப் பட்டியலுக்கு இவ்வளவு நீண்ட தொடர்ச்சி இருப்பதுதான் அபூர்வம்.

வேறு பாரிஷை ஆராய்பவர்கள் முதலில் தேடவேண்டியது மேனர் ஆவணப் பதிவேடு. எந்தச் சுருள் எந்தக் காப்பகத்தில் என்று அது சொல்லும். 1733 வரை மன்றச் சுருள்கள் பெரும்பாலும் லத்தீனில்தான். ஒரு பாரிஷுக்குள் இரண்டு மூன்று மேனர்கள் இருக்கலாம். ஒரே மேனர் பல பாரிஷ்களில் பரவியும் இருக்கலாம். ஒரே பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். லாக்ஸ்டன் மேனரைப் பிற்பாடு வைத்திருந்த மான்வர்ஸ் குடும்பத்தின் ஆவணங்கள் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கையெழுத்துச் சுவடிப் பிரிவில் உள்ளன.

ஏழாம் படி: வேலியடைப்பும் தசமபாக வரைபடமும்

1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. பொதுவயல் உடைந்து, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் துண்டு கிடைத்தது, பொதுமேய்ச்சல் போயிற்று. நேர்கோட்டு ஹாதார்ன் முள்வேலிகள், இரு பக்கமும் அகன்ற புல்லோரம் கொண்ட நேர்சாலைகள், வயலின் நடுவே தனித்து நிற்கும் பண்ணைவீடு ஆகியவை அதன் தடயங்கள். லாக்ஸ்டனில் பண்ணைவீடுகள் இன்றும் ஊர்த்தெருவிலேயே நெருங்கி நிற்கின்றன, பல வீடுகள் பக்கச்சுவரைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு. வயல் திறந்திருந்ததால் விவசாயி ஊருக்குள்ளேயே இருந்தான்.

இங்கேயும் ஒரு பகுதி வேலியடைக்கப்பட்டது. மீதி தப்பியதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அங்கே நிலம் வைத்திருந்த மான்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும் உடன்பாட்டுக்கு வராததே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீற்றுகள் இணைக்கப்பட்டு எண்ணிக்கை குறைந்தது. ஆகவே இன்று பார்ப்பது இடைக்காலம் அப்படியே உறைந்தது அல்ல. முறை பழையது, கீற்றின் அளவு புதியது.

மற்ற பாரிஷ்களுக்குத் தசமபாக வரைபடம் பெரும் உதவி. 1836ஆம் ஆண்டுச் சட்டம் தானியமாகக் கொடுத்த தசமபாகத்தைப் பண வரியாக்கியது. அதற்காக நிலத்துக்கு எண்ணிட்டு, உரிமையாளர், பயிரிடுபவர், வயற்பெயர், சாகுபடி, பரப்பு, வரி என்று எழுதினார்கள். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசியக் காப்பகத்தில் ஐ.ஆர். 29 என்ற வரிசையில் ஏடுகள், ஐ.ஆர். 30 வரிசையில் வரைபடங்கள். அங்குலத்துக்கு மூன்று சங்கிலி (1:2376) என்ற அளவும் ஆணையரின் முத்திரையும் இருந்தால் அளவு துல்லியமானது. முத்திரையில்லாதவற்றில் பல, பழைய எஸ்டேட் படத்தைப் பார்த்து வரைந்தவை. உங்கள் பாரிஷுக்கு வரைபடமே இல்லையென்றால் பதற வேண்டாம். வேலியடைப்பின்போதே தசமபாகத்துக்குப் பதிலாக நிலம் கொடுத்துத் தீர்த்திருப்பார்கள். மத்திய மாவட்டங்களில் இது சகஜம். வேலியடைப்புத் தீர்ப்பேட்டைத் தேடுங்கள்.

வேலியின் 30 கஜத்துக்குள் உள்ள மரவகைகளை எண்ணி, ஒரு வகைக்கு ஒரு நூற்றாண்டு என்று வயது சொல்லும் ஒரு விதி உண்டு. பார்க்க அழகாக இருக்கும், நம்பக் கூடாது. தொடக்கத்திலேயே பல வகைகளைக் கலந்து நட்ட வேலிகளும் உண்டு.

எட்டாம் படி: மக்கள்

திருச்சபைப் பதிவேடு 1538இல் தாமஸ் குரோம்வெல்லின் ஆணையால் தொடங்கியது. 1640, 50களில் உள்நாட்டுப் போரால் இடைவெளி இருக்கும். 1754 முதல் திருமணத்துக்குத் தனிப் பதிவு. 1813 முதல் அச்சிட்ட படிவம். 1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு. 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25இல்தான். ஏட்டில் 1700 பிப்ரவரி 10 என்றிருந்தால் நம் கணக்கில் 1701. இரண்டையும் சாய்கோட்டுடன் 1700/01 என்று எழுதுங்கள்; தவறினால் குழந்தை பெற்றோரின் கல்யாணத்துக்கு முன்பே பிறந்துவிடும். திருச்சபைக்கு வெளியே இருந்த பிரிவினர் இதில் விடுபட்டிருப்பார்கள் என்பதையும் மறக்கலாகாது.

ஏழையர் கண்காணிப்பாளரின் கணக்கேடுகள் கிடைத்தால் விடாதீர்கள். இன்னாருக்கு ஒரு சோடிச் செருப்பு, இன்னாரை அவருடைய பாரிஷுக்குத் திருப்பியனுப்ப வண்டிக்கூலி என்று, ஊர்ச் சனங்களின் குரலுக்கு மிக அருகே வருவது இதுதான். 1834ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாரிஷ்கள் ஏழைப் பராமரிப்பு ஒன்றியங்களாக இணைந்தபின் விவரம் ஒன்றிய ஏடுகளுக்குப் போய்விடும்.

மக்கள்தொகைக் கணக்கு 1801இலிருந்து பத்தாண்டுக்கொருமுறை. 1841இலிருந்து பெயர்கள் உண்டு, ஆனால் பெரியவர்கள் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுவது வழக்கம். பிறந்த பாரிஷ் 1851இலிருந்து. 1931இன் ஏடுகள் 1942இல் தீயில் போயின. 1941இல் போரால் கணக்கெடுப்பே இல்லை. அந்த ஓட்டையை 1941-43இன் தேசியப் பண்ணைக் கணக்கெடுப்பு (எம்.ஏ.எஃப். 32) ஓரளவு அடைக்கும். 1910இன் நில மதிப்பீட்டுக் களக் குறிப்பேடுகள் (ஐ.ஆர். 58) வீட்டின் அறைகளைக்கூடச் சொல்லும். எண்ணிக்கை திடீரென எகிறினால் ரயில்பாதை வேலையாட்களா, ஏழையர் விடுதியா என்று பாருங்கள். அச்சிட்ட அட்டவணையின் அடிக்குறிப்பிலேயே சில நேரம் பதில் இருக்கும்.

ஒன்பதாம் படி: அண்மைக்காலமும் நேரில் போவதும்

1894 டிசம்பரில் முதல் பாரிஷ் மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. மன்றக் குறிப்பேடுகள் அங்கிருந்து தொடங்கும். தெருவிளக்கு, நடைபாதை, குடிநீர் எல்லாம் அதில். பழையவை மாவட்டக் காப்பகத்திலும் புதியவை மன்ற எழுத்தரிடமும் இருக்கும். லாக்ஸ்டன் எஸ்டேட்டை 1952இல் வேளாண் அமைச்சகம் வாங்கியது. 1981இல் முடியாட்சியின் நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போயிற்று. 2020இல் மான்வர்ஸ் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பியது. கைமாறிய ஒவ்வொரு முறையும் வயல் முறை நிலைக்குமா என்ற கவலை எழுந்தது. அதனால் அந்த ஆண்டுகளின் மன்றக் குறிப்பேடுகளை முதலில் கேளுங்கள்.

நேரில் போவதானால் அந்த ஆண்டின் கோதுமை வயல் எது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் இடம் மாறும். சைக்குகளின் ஓரமாக நடங்கள், விதைத்த கீற்றில் கால் வைக்காதீர்கள். நவம்பர்க் களிமண்ணில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்கினால் ஒரு செருப்பு வயலிலேயே தங்கிவிடும்.